கடைசியில் மறுபடி வரும் எழுத்து

சிட்னி
புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? எனக்குச் சளி மட்டும்தான், கவலைப்பட வேண்டாம்.

ஆபீசில் மாண்டேயர் என்ற சிறிய சமூகத்துப் பிள்ளைகள் தங்கள் எழுத்துகளைப் படிக்க ஓர் ஆப் செய்கிறோம். கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அவர்கள் தந்த வரிசையில் முதல் எண்ணே கடைசியிலும் இருந்தது. வேலை அசதியில், தவறுதலாக வந்திருக்கும் என்று அதை எடுத்துவிட்டேன்.

சரிபார்க்க வந்த அந்தச் சமூகத்துப் பெண் நாடியா விரல்விட்டு எண்ணி, இருபத்து நான்கு வர வேண்டியது இருபத்து மூன்றிலேயே முடிந்ததும் நின்றுவிட்டாள். தொடங்கிய எழுத்துக்கே திரும்பி வந்தால்தான் தங்களுக்கு வரிசை முடியும் என்றாள். சிறு வயதில் ஈராக்கை விட்டு வந்தவள், ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லையாம். நான் மன்னிப்புக் கேட்டு, அதே எண்ணைக் கடைசியிலும் சேர்த்தேன்.

போனில் நீங்கள், "எப்பம்மா வாரே?" என்று கேட்டதும், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது அப்பா. பொங்கலுக்கும் லீவு இல்லை.

இட்லிப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். என் ஸ்கூட்டியை வாரம் ஒருமுறை இலுப்பூர் கடைத்தெரு வரை ஓட்டிப் போய் வாருங்கள். சும்மாதானே நிற்கிறது என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது.

இளமதி