நாளைக்கு மாமாவின் பேட்டி

ஜூன் 4
எழுதிவைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. இருந்தும் எழுதுகிறேன், மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்பு? தெரியவில்லை. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடமே சாரி சொல்கிறவள் நான்.

நூலக மாடியில் சமுதாய வானொலிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். நம் தெருக்களின் செய்தியை நாமே சேகரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அம்மா அதற்குள் பக்கத்து வீட்டில் ‘என் பொண்ணு நியூஸ் வாசிக்கப் போறா’ என்று சொல்லியாகிவிட்டது.

ஜூன் 7
முதல் பேட்டி! மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐந்து மாடிக் குடியிருப்பு. லிப்ட் மாதக்கணக்காக ஓடவில்லை. கீழே கடை வைத்திருக்கும் தையல்கார அக்கா கொட்டித் தீர்த்தார். ஏறக்குறைய ஓடியே திரும்பி வந்தேன்.

ஹெட்போன் அக்கா போட்டுக் கேட்டார். (எடிட்டிங் அவர்தான். கழுத்தில் ஹெட்போன் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை.) பதிவு முழுக்கத் தையல்கார அக்கா, “கேக்குறியாம்மா?”, “இருக்கியாம்மா?” என்றே தவிக்கிறார். நான் பதிலே சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன்.

“ரேடியோவுல தலையாட்டுனா யாருடி பாப்பா?” மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். நானும்தான். வயிறு வலிக்கிறது.

ஜூன் 8
நாள் முழுக்க ‘ம்’ கொட்டிப் பழகினேன். தொண்டையில் என்ன என்று அம்மா வெந்நீர் கொடுத்தாள்.

ஜூன் 10
மறுபடி அதே குடியிருப்பு. ஐந்தாம் மாடி டீச்சரம்மா, மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து கீழே இறங்கவில்லை. காய்கறிக்கு வாளியைக் கயிற்றில் இறக்குகிறார். ஒருதரம் தரையை மிதித்துப் பார்த்தால் போதும் என்றார். ‘ம்’ வரவில்லை எனக்கு.

கீழே வந்தால் தையல்கார அக்கா லிப்ட் மெக்கானிக்கைப் பற்றி ஆரம்பித்தார். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘நாளைக்கு மாமா’. எப்போது கேட்டாலும் நாளைக்குச் சரியாகிவிடும் என்பாராம். வாயில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டேதான் பேசுவாராம். அக்கா ஊசியைக் கடித்து அப்படியே நடித்துக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஐயோ. அது எங்கப்பா.

ஜூன் 11
வகுப்பில் இரண்டு விதி. யார்மேல் குறை வருகிறதோ அவருடைய பதிலும் வேண்டும். பேசுகிறவர் நமக்குச் சொந்தம் என்றால், கேட்பவர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஹெட்போன் அக்காவிடம் விஷயத்தை உடைத்தேன். வேறு ஆளை அனுப்புவார் என்று நினைத்தால், நீயே எடு, வெட்டி ஒட்டுவதில் மட்டும் கை வைக்காதே என்றுவிட்டார்.

கம்பெனியில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் ஏன் சும்மா இருக்கவில்லை?

ஜூன் 13
சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன், பட்டப்பெயர் உட்பட. அப்பா நிமிரவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து, “எப்ப வரணும்?” என்றார்.

“நாளைக்கு.”

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 14
ரேடியோவுக்கு இஸ்திரி போட்ட சட்டை. ரேடியோவுக்குப் பவுடர்! அம்மாவின் வேலை. அப்பா மைக்கைப் பார்த்து, “மரியாதைக்குரிய நேயர்களே” என்று தொடங்கியதும் ஹெட்போன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லிப்டைப் பற்றிக் கேட்டேன். மைக்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அது இனிமே ஓடாதும்மா. மோட்டாரையே மாத்தணும். கம்பெனிக்கும் கட்டட ஓனருக்கும் அப்பவே சொல்லிட்டேன். ஆனா அங்க இருக்கறவங்க மூஞ்சியப் பாத்து ஓடாதுன்னு சொல்ல வாய் வரல. நாளைக்குன்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிட்டேன். தப்புதான்.”

இந்தக் கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேனே! அசடு.

வெளியே வந்ததும் ஒன்று மட்டும் சொன்னார். “என் பொண்ணுன்னு சொல்லிக்காதே, படிச்ச பிள்ளையைக் கேலி பண்ணுவாங்க.”

ஜூன் 17
அப்பா நேற்று அவராகவே போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி ஓடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! டீச்சரம்மா நன்றாகத் திட்டிவிட்டு டீயும் கொடுத்தாராம். குடியிருப்பவர்கள் எல்லோரும் திரண்டு ஓனரைப் பார்க்கப் போகிறார்கள். அப்பாவும் கூட வர வேண்டுமாம். ஹெட்போன் அக்கா போன் போட்டதற்கு ஓனர், பார்க்கலாம் என்றார். அதையும் சேர்த்தாகிவிட்டது.

ஒலிபரப்புக்கு எல்லாம் தயார், என் கடைசி வரி தவிர. அது இல்லாமல் நிகழ்ச்சி போகாது என்கிறார் அக்கா. அப்பா சம்மதிக்காமல் நான் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அப்பா ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். கேட்டேவிட்டேன்.

“அப்பா, பேசினது எங்கப்பான்னு ரேடியோவுல சொல்லணும்னு விதி இருக்கு. விதி இல்லேன்னாலும் எனக்குச் சொல்லணும்ப்பா. சொல்லட்டுமா?”