நாய்க்குப் பெயர் இருக்கிறது

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, மறுபடி வீறாப்பாக மாடிப்படி ஏறுகிறார். எனக்குத்தான் நேற்றிலிருந்து ரத்தக் கொதிப்பு, ஏன் என்று கேள்.

வானாய்வுக் கூடத்தில் விஞ்ஞானிகளுக்கென்று புதிதாக ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள், உன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இளவயதில் அங்கேதானே கண்ணாடித் தகடுகளில் பதிந்த வானத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்? ஒளி கூடிக் குறையும் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவள் அவள், பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் அந்தக் கூடத்து இயக்குநர். செத்துப்போன மனுஷனைத் திட்ட வேண்டாம் என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உள்ளே போனால் சுவர் முழுக்க அவர் படம்! நம் வீட்டு அலமாரியில் இருக்கிறதே, அதே படம்தான். நம்மிடம் இருப்பதில் அவர் பக்கத்தில் பெரியம்மாவும் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுவரில் அவளை வெட்டிவிட்டார்கள். கண்ணாடியில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்திருக்கும் அவள் கை மட்டும் மிச்சம். காலடியில் அவருடைய நாய் வாலோடு முழுசாக இருக்கிறது, கீழே பெயர் வேறு போட்டிருக்கிறார்கள், நாய்க்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பாளரைக் கேட்டால், இடம் பத்தலைம்மா என்கிறார் கொஞ்சமும் கூசாமல். நாய்க்கு இடம் இருக்கு, கண்டுபிடிச்சவளுக்கு இல்லையா என்று நான் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா வழக்கம்போல, விடுடி, பரவாயில்லை என்றாள்.

இதே பரவாயில்லையைத்தான் போன வாரம் போனில் நீயும் சொன்னாய். நீ மாடாய் உழைத்துக் கண்டதை உன் மேலதிகாரி தன் பெயரில் மட்டும் கட்டுரையாக வெளியிடப் போகிறாராம், உனக்குப் பரவாயில்லையாம். ஆற்றாமையில் அதையும் அங்கேயே பெரியம்மாவிடம் கொட்டிவிட்டேன். அவள் என் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள், நேராகப் போய் அந்தக் கைக்குக் கீழே சுவரில் தன் பெயரை முழுசாக எழுதினாள். காவலாளி ஓடி வந்தார், பொறுப்பாளர் அழிக்கச் சொல்லிக் கத்தினார். அழிங்க, நாளைக்கும் வருவேன் என்றாள், விடு விடு என்றே வாழ்ந்தவள்! சொன்னபடி இன்று காலையிலேயே வந்து நம் வீட்டு வாசலில் நிற்கிறாள், இதை முடித்துவிட்டு நானும் கிளம்புகிறேன்.

மகராசியாக இரு. இன்றைக்கே அந்த மேலதிகாரியிடம் பேசு, தலையைக் குனியாமல் பேசு. உன் பெயர் இல்லாமல் அந்தக் கட்டுரை வந்தால், பெரியம்மா பேனாவோடு அங்கேயும் வருவாளாம்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா