தம்பியின் சப்பாத்து

அன்புள்ள அம்மா,

கால் வீக்கம் குறைந்ததா? நான் நல்ல சுகம்.

கொழும்பில் நடந்த உதைபந்துக் கழகத் தேர்வைப் பற்றித் தம்பி ஜனுஷன் சொன்னானா? பெனால்டி அடிக்கச் சொன்னதும், உப்புவெளிக் கடற்கரை என்று நினைத்துச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அடித்தான். கோல்தான், ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஆற்ற பெடியன் இவன், ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"தெரியாது சேர், ஆரோ கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்" என்றேன்.

கழகங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற என்னைப் போன்ற முகவருக்குப் பெயர் முக்கியம், அம்மா. ஜனுஷன் என் பக்கத்தில்தான் நின்றான்.

நான் கொண்டுபோன மூதூர்ப் பெடியனை அணிக்கு எடுத்துவிட்டார்கள். அவனிடம் நல்ல சப்பாத்து இல்லை. ஜனுஷனுடையதை ஞாயிறு பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள், அளவு ஒன்றுதான். கொஞ்சம் கருவாட்டுச் சம்பலும் வையுங்கள். தனியே இருந்து சாப்பிட ஒன்றும் இறங்குதில்லை.

பார்சலை ஜனுஷனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இனி சும்மாதானே இருக்கப்போகிறான்.

அவசரமாக,
மகன் டெரன்ஸ்