கை போகலாம், வாய் போகக்கூடாது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. வெளியே மணல் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. மகன் சன்னல் வழியாகக் குதித்துப் போய் மண்வெட்டியால் வாரிப் போட்டான். நான் என் வீட்டிலிருந்து வெளியே வர, பெற்ற பிள்ளை என்னைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. கேட்டால் செத்தவன்கூடச் சிரிப்பான்.

எனக்கு எழுத்து தெரியாது. என் கத்தல் தாங்காமல் மருமகள் போனில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள். நான் பேசப் பேச அது எழுதிக்கொள்ளுமாம். "எங்ககிட்ட கத்துறதுக்கு இதுகிட்ட கத்துங்க மாமா. தேதி சொல்லி ஆரம்பிங்க" என்றாள். சரி. இதாவது எதிர்த்துப் பேசாது.

மார்ச் 5

மறுபடியும் சன்னல். இந்த வயதில் எனக்குக் குரங்கு வேலை.

மார்ச் 9, ஞாயிறு

ஊர்க் கூட்டம். மேற்கே இருக்கும் மேய்ச்சல் வெளியை மூன்று வருஷத்துக்கு அடைக்கப் போகிறார்கள். ஆடு மாடு எதுவும் உள்ளே கால் வைக்கக்கூடாது. வேண்டியவர்கள் அரிவாளோடு போய்ப் புல்லை அறுத்துச் சுமந்து வரலாம். "கை போகலாம், வாய் போகக்கூடாது" என்றார் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிய கைகளில் என் மகன் கையும் இருந்தது.

ஆடு தின்றுதான் நிலம் பாலையாகிறதாம்.

எழுந்து கேட்டேன். "செங்கல் சூளைக்குப் புதரையெல்லாம் வேரோட பிடுங்கி வித்தது ஆடா? தண்ணி உப்பான பிறகும் அதையே வயலுக்குப் பாய்ச்சினது ஆடா?"

ஆழ்குழாய் இறக்கும் தொழில் செய்கிறவர் முன்வரிசையில் இருந்தார். "பெரியவரே, உங்க ஆடு வேர் வரைக்கும் கடிக்குது."

"என் ஆடு வேர் வரைக்கும். உங்க குழாய் பாதாளம் வரைக்கும்."

சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அடைப்பதற்கே கை தூக்கினார்கள்.

அந்த வெளியில் எந்தப் புதர் எங்கே நின்றது, எவன் வெட்டினான், வெட்டும்போது என்ன சமாதானம் சொன்னான், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. சாலையை அகலமாக்கக் காற்றுக்குக் குறுக்கே நின்ற மரங்களைச் சாய்த்தார்களே, அந்தக் கோடையில்தான் முதல் மணல் வாசலுக்கு வந்தது. மகன் அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. அதில் உட்கார்ந்து விளையாடினான். அவன் அம்மா, "பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கான்" என்றாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 10

ஆடுகளைக் கொட்டிலில் கட்டினேன். முன்னால் நடந்து மற்றதையெல்லாம் கூட்டிப் போகும் கிழட்டு ஆட்டுக்கு மகாராணி என்று பெயர். அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கைதட்டினவர்களை எல்லாம் கூட்டி வந்து காட்ட வேண்டும்.

மார்ச் 14

என்ன பிள்ளை பெற்றேன் நான்?

ஆட்டுக்கு வாய்ப்பூட்டு போட்டவன், இன்று டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மணல் மேட்டை உழுதிருக்கிறான். மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது. தர்ப்பூசணிக்கு நிலத்தை இப்போதே தயார் செய்கிறானாம். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து.

"களை இல்லாம சுத்தமா இருந்தாத்தாம்பா விதை பிடிக்கும்."

சுத்தமாகத்தான் இருந்தது, மழித்த தலை மாதிரி. மாலையில் காற்று வந்தது. மேடு எழுந்து நடந்து எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிட்டது. சோற்றில் மணல், குடத்தில் மணல், பல்லுக்கடியில் நறநற. பக்கத்து வீட்டுக்காரர்கள் போன வருஷமே காலி செய்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சன்னலே இப்போது தெரியவில்லை.

"இன்னொரு காத்துக்காலம் இந்த வீடு தாங்காது. டவுனுக்குப் போயிடலாம்" என்றான். உழுததும் அவனே, ஓடுகிறவனும் அவனே. நான் வரமாட்டேன். மணல் மூடினால் மூடட்டும், புதைக்கிற செலவு மிச்சம்.

ஜூன் 17

தீனி போட முடியவில்லை. ஆடுகளில் பாதியை விற்றேன். இன்று யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

ஜூலை 16, புதன்

மகன் கொட்டில் பக்கம் வந்து தூணைத் தடவிக்கொண்டு நின்றான். காரியம் இல்லாமல் தூணைத் தடவமாட்டான்.

"அப்பா, கொஞ்சம் எரு வேணும்."

"எதுக்கு?"

"மேட்டுல பிறை மாதிரி குழி வெட்டி எரு போட்டா, மழைத்தண்ணி ஓடாம நிக்குமாம். புல் விதை போடலாம். புல் பிடிச்சா மணல் நகராது."

"ஆடு நிலத்தைக் கெடுக்கும். அதோட புழுக்கை மட்டும் இனிக்குதோ?"

மறுபடியும் தூணைத் தடவினான். முன்பெல்லாம் ஆடுகள் போகிற வழியெல்லாம் போட்டுக்கொண்டு போகும். கட்டிப்போட்டதால் எல்லாம் கொட்டிலிலேயே குவிந்து கிடக்கிறது. ஊரில் வேறு யாரிடமும் இவ்வளவு இல்லை.

"தர்றேன். இனி அந்த மேட்டுல கலப்பை ஏறக்கூடாது. சூளைக்காரன் ஒரு குச்சி பிடுங்கக்கூடாது. என் ஆட்டுக்கு ஒரு சட்டம், உன் டிராக்டருக்கு ஒரு சட்டமா? இதை நீயே கூட்டத்துல எழுந்து சொல்லணும்."

"மானம் போயிடும்பா."

"வீடு போனா பரவாயில்லையா?"

ஜூலை 20, ஞாயிறு

சொன்னான். தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, "மேட்டை உழுதது என் தப்பு. இனி யாரும் உழ வேண்டாம், சூளைக்குக் குச்சி பிடுங்கவும் வேண்டாம்" என்றான். குரல் அவன் அம்மா குரல் மாதிரி இருந்தது. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது, அப்போது திட்டினேன்.

ஊரும் ஒத்துக்கொண்டது. உப்புத் தண்ணீரைப் பற்றி நான் கேட்டதற்குக் குழாய்க்காரர் மட்டும், "தண்ணி விஷயத்தை அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று நழுவிவிட்டார். பார்க்கலாம். அந்தக் கூட்டத்துக்கும் நான் உயிரோடு இருப்பேன்.

ஆகஸ்ட் 8

குழி வெட்டுகிறோம். மருமகள் காற்றுக்குக் குறுக்கே செத்தையை நட்டு வேலி வைக்கிறாள். "உட்காருங்க மாமா" என்கிறாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 21

மழை. குழியெல்லாம் தண்ணீர்.

டிசம்பர் 12

மகாராணி கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே மேட்டுக்கு ஓடிவிட்டது. அங்கேதான் பச்சை தெரிகிறதே. தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு பின்னால் ஓடி, காதைப் பிடித்து இழுத்து வந்தேன். அப்புறம் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு கட்டுப் புல் அறுத்து வந்து அதன் முன்னால் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே தின்றது.

மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. பிழைத்தான்.

மார்ச் 3, செவ்வாய்

நேற்று முழுக்க ஊளைக் காற்று. காலையில் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குத் தோளைக் கொடுத்தேன். அது சட்டென்று திறந்துகொண்டது. நான் வாசலில் போய் விழுந்தேன். முழங்கால் சிராய்ப்பு.

மருமகள் ஓடி வந்து தூக்கினாள். வாசலில் மணல் கொஞ்சம் கிடக்கிறது. விளக்குமாறு போதும்.

திரும்பிப் பார்த்தால், மகன் கையில் மண்வெட்டியோடு ஒரு காலைச் சன்னலுக்கு வெளியே போட்டபடி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"கதவு இருக்கும்போது என்னடா சன்னல்?" என்று கத்தினேன்.