செம்மநத்தத்திலிருந்து வந்த கேசட்

அக்கா,

கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை இப்போதுதான் உன் திருப்புளியால் நெம்பி எடுத்தேன். அவை என் உள்ளங்கையில் இருக்கின்றன. இவை இல்லாவிட்டால் பதிகிற பட்டன் அமுங்காது, மேலே பதிந்து அழிக்க முடியாது என்று நீதான் காட்டித் தந்தாய். உடைந்த சத்தம் முன்னறைக்குக் கேட்டிருக்குமோ என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். அங்கே உன் வீட்டுக்காரர், மாமா, படுத்திருக்கிறார். கடைசி பஸ் போய்விட்டது என்று தங்கிவிட்டார். பஸ் போகட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

காப்பிப் பழம் பறித்த கூலியில் நீ ஒரு கையடக்க டேப் பெட்டி வாங்கினாய். வாங்கிய அன்றே நான்கு திருகாணிகளையும் கழற்றிவிட்டாய். "புதுசப் போயிப் பிரிக்கறா பாரு, கிறுக்கி" என்றாள் அம்மா. "தொறக்க முடியாத பொட்டி நம்மளுது இல்லம்மா" என்றாய். உள்ளே இருப்பதை நோட்டில் வரைந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாய்.

கல்யாண விருந்துக்கு வந்தபோது மாமா அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினார். அவர் ரைட்டராக இருக்கும் செம்மநத்தம் எஸ்டேட் ஆபீஸில் துரை பேசிப் பதியும் மிஷின் ஒன்று உண்டு. தீப்பெட்டி அளவுக் கேசட், வேறெதிலும் நுழையாது. அதை வைத்து அவர் சொன்னார்: "பாட்டு கேசட்டு எதுல வேணாலும் பாடுமுங்க. நாம பேசிப் பதிஞ்சது, பதிஞ்ச பொட்டியிலதான் பேசும்." அது தப்பென்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். பிறகு அடுப்படியில், "அவரு அப்படியே நெனச்சுக்கட்டும் கண்ணு" என்று சிரித்தாய். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

போன வாரம் பஸ் கண்டக்டர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். 'பெல்ட் அறுந்துவிட்டது, ஒண்டிக்கடை ரேடியோ ரிப்பேர் பாயிடம் கொடுத்து ஓடுகிறதா என்று கேள்' என்று சீட்டு வைத்திருந்தாய். பிரித்துப் படிப்பவருக்காக அப்படி எழுதியிருக்கிறாய் என்பது எனக்கு உறைக்கவில்லை. பரீட்சை முடியட்டும், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பரணில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. ஒரே ராத்திரிக் காய்ச்சல் என்றார் மாமா.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் திறந்தேன். பெல்ட் நன்றாகவே இருந்தது. உள்ளே இருந்த கேசட்டை ஓடவிட்டேன், உன் குரல்.

"நாலு நாளாக் காய்ச்சல் கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா நடிக்கறேங்கறாரு. கதவப் பூட்டிட்டு ஆபீஸ் போயிடறாரு. இத ஜன்னல் வழியாக் குடுத்தனுப்பறேன். அப்பாவ வரச் சொல்லு."

அன்றே கேட்டிருந்தால், அக்கா.

இன்று மாமா வந்தார். "அவ பொட்டி இங்க வந்துச்சாமே கண்ணு, கண்டக்டர் சொன்னாரு. ஞாபகத்துக்கு ஒண்ணு வேணுமில்ல?" எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார்.

"கேசட்டு?"

"தெரியலீங்க மாமா."

"போகுது உடு. பொட்டி இருந்தாப் போதும்."

உன் ஞாபகம் கேட்டு வந்தவருக்கு உன் குரல் வேண்டாமாம். தெரிந்தேதான் உன்னைப் பூட்டி வைத்தாரா என்று அதுவரை எனக்குக் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது. அம்மா அவருக்கு இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அம்மாவுக்கும் ஏதாவது தெரியுமோ? இப்போது யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றுகிறது.

காலையில் நோட்டு வாங்க வேண்டும் என்று சொல்லி அப்பாவை ஒண்டிக்கடைக்குக் கூட்டிப் போவேன். பாய் கடையில் இருக்கும் எந்தப் பெட்டியிலாவது போட்டு அவரைக் கேட்க வைப்பேன். வெளியில் தெரிய வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டால்? அதனால் முதலில் பாயிடம் இன்னொரு கேசட்டில் ஏற்றித் தரச் சொல்லப்போகிறேன்.

முன்னறையில் இருமல் சத்தம். விளக்கை அணைக்க வேண்டும்.

வெறும் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவர் படுத்திருக்கிறார். நீ என் தாவணி முடிச்சில் இருக்கிறாய்.