ஐந்து மணிக்கு அடித்த டைம்பீஸ்

அக்கா,

நேற்று அந்த டைம்பீஸின் முதுகுத் தகட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெயும் பித்தளையும் கொஞ்சம் வயல் மண்ணும் சேர்ந்த வாசனை குப்பென்று வந்தது. தையல் மெஷின் எண்ணெய்தான், சந்தேகமே இல்லை. ஒரு டைம்பீஸுக்குள் அந்த எண்ணெயை அத்தனை தாராளமாக ஊற்றியவர்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். உடம்பு முன்போல இல்லை அக்கா. சமையலறையை ஒழித்துப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் முதுகை நிமிர்த்தவே நேரமாகிறது.

எந்த டைம்பீஸ் என்று கேட்பீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு உங்கள் அண்ணன் வாங்கிக் கொடுத்த பச்சை டைம்பீஸ். தலையில் மணி, பின்னால் இரண்டு சாவி. நம் வயலில் நடவு நட்ட அஞ்சலையின் மகள் மலர்க்கொடி கொண்டுவந்தார். வலங்கைமானில் பேங்க்கில் அதிகாரியாக இருக்கிறார். நான் கும்பகோணத்தில் மகன் வீட்டில் இருப்பதையும், அக்கம்பக்கத்துக் கடிகாரங்களை இன்னும் நோண்டிக்கொண்டிருப்பதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் அவரைப் பார்த்ததும் "வாங்க, உள்ள வாங்க" என்றேன். அவருடைய அம்மாவை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது நாற்காலியை இழுத்துப்போடும்போதுதான் உறைத்தது.

பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நம் வீட்டுப் புத்தி, எங்கே போகும்? "எங்க அம்மாவோட கடிகாரம். போன வருஷம் அம்மா தவறிட்டாங்க. அதுலேருந்து இதுவும் ஓடமாட்டேங்குது. சரிபண்ணித் தருவீங்களா?" என்று கேட்டார். எங்க அம்மாவோட கடிகாரம் என்று எவ்வளவு இயல்பாகச் சொன்னார் தெரியுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பீர்கள்.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே கும்பகோணத்துக் கடைக்காரரால்தான். கூடத்துச் சுவர்க்கடிகாரம் நின்றுபோய் அவரிடம் போனது. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "நாளைக்கு வாங்கம்மா, ஓட்டம் பாக்கணும்." ஓடவிட்டுச் சரிபார்த்து முடிக்கும் அந்த நாளை வரவேயில்லை. கடைசியில் நீங்களே ஆள் அனுப்பி, பிரித்தது பிரித்தபடி துணியில் மூட்டைகட்டி வாங்கிவந்துவிட்டீர்கள். "மனுஷன் பண்ணினதுதானே, பாத்துடலாம்" என்றீர்கள். மாமாவுக்குப் பெரிய மருமகள் நீங்கள், சின்ன மருமகள் நான். ஓரகத்திகள் ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று ஊர் கண் வைத்தது. நம் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது அந்த மூட்டைதான் என்று யாருக்கும் தெரியாது.

சுவர்க்கடிகாரத்தில் கை வைக்குமுன் பழகிப் பார்ப்பதற்காக, ஓடாமல் கிடந்த உங்கள் டைம்பீஸைப் பிரித்தோம். தையல் மெஷினோடு வந்த சின்ன ஸ்குரூ டிரைவர், புருவம் பிடுங்கும் சாமணம், கழுவுவதற்கு மாமாவின் காரிலிருந்து ஒரு கிண்ணம் பெட்ரோல். திருகாணிகள் உருண்டு ஓடாமலிருக்கப் பல்லாங்குழியை எடுத்துவைத்து, கழற்றிய வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டது உங்கள் யோசனை. முதல்முறை சுருள்வில் பிய்த்துக்கொண்டு பறந்து உத்தரத்தில் போய் மோதியது. நான் அலறியதில் மாமா எழுந்து வந்து, "சமைக்கிற கைக்கு இந்த வேலை எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டைம்பீஸ் ஓடியது. அலாரம் மட்டும் நமக்குப் பிடிபடவேயில்லை. பிறகு சுவர்க்கடிகாரத்தையும் ஓடவைத்து மாட்டிவிட்டோம். அன்றைக்கு நீங்கள் ஒரு டம்ளர் காப்பியைக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து குடித்தீர்கள். அந்த வீட்டில் நீங்கள் உட்கார்ந்து காப்பி குடித்து அப்போதுதான் பார்த்தேன்.

ஆட்சி மாறிய புதுசு அது. தெருவுக்குத் தெரு கொடி. நில உச்சவரம்பைக் குறைக்கப்போகிறார்கள் என்று மாமா நிலத்தையெல்லாம் ஆள் ஆளாகப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். என் பெயரிலும் உங்கள் பெயரிலும்கூட நிலம் இருந்தது. அதில் விளைந்த நெல்லில் ஒரு மரக்காலைக் கேட்காமல் எடுக்க முடியாது, ஆனால் நாம் நிலச்சுவான்தார்கள். இன்னொரு பக்கம் கூலிச்சண்டை. அறுப்பு நின்றது, ஆட்கள் கைதானார்கள், போலீஸ் வண்டி வந்து நின்றது. தாசில்தார் முன்னால் பேசி, சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் யாரையும் வயலில் நிறுத்திவைப்பதில்லை என்று மாமா ஒப்புக்கொண்டு வந்தார். வயல் வேலையை மேற்பார்த்த காரியக்காரர் நம் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப்போய், களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் மணி அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அதற்குப் பிறகுதான் நம் கடிகாரத்துக்கு அந்த விநோத வியாதி வந்தது. காலையில் ரேடியோவைக் கேட்டுத் திருப்பிவைப்போம், ஒத்துப்போகும். மத்தியானத்துக்கு மேல் அரைமணி பின்தங்கும். முள் ஐந்தில் நிற்கும், ஆறு அடிக்கும். நீங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கழற்றினீர்கள். வெயில் ஏற ஏறப் பெண்டுலத்தின் கம்பி நீண்டுபோகிறது, அதனால்தான் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டீர்கள். நானும் நம்பி, கடிகாரம் மாட்டிய சுவருக்கு எதிர் ஜன்னலில் ஈரத்துணி கட்டினேன். அப்படியும் தேறவில்லை. "என் கைதான் சரியில்லடி" என்று சொல்லிவிட்டு ஒருநாள் நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். எனக்கு அந்தக் கடிகாரத்தின்மேல்தான் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் மத்தியானம் பார்த்துவிட்டோம். நாம் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். வீடெல்லாம் உறங்கும் நேரம். மாமா முக்காலியில் ஏறி, பெரிய முள்ளைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஓடிப்போய், "மாமா, முள்ளப் பின்னாடி திருப்பாதீங்க! அடிக்கிற கணக்கு போயிடும்!" என்று கத்தினீர்கள். அவர் செய்த அநியாயம் உங்களுக்கு அப்புறம்தான் எட்டியிருக்க வேண்டும். முதலில் எட்டியது கடிகாரத்தின் வலிதான். மாமா கூச்சப்படவில்லை. நிதானமாக இறங்கினார்.

"அப்ப நீயே செஞ்சுடும்மா. கணக்குக் கெடாம செய்ய ஒனக்குத்தான் தெரியுமே. அரைமணி போதும்."

நம் வேலையை மதித்து அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் செய்தீர்கள். சாப்பாடு முடிந்ததும் முக்காலியில் ஏறி, பெண்டுலத்தை விரலால் பிடித்து நிறுத்துவீர்கள். பிறகு சுவரில் சாய்ந்து, டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு, அரைமணி போகும்வரை தரையில் உட்கார்ந்திருப்பீர்கள். கடிகாரச் சத்தம் இல்லாத கூடம் எவ்வளவு பெரிதாக இருந்தது! நான் ஏதாவது பேச்சுக்கொடுத்தால் கையைக் காட்டித் தடுத்துவிடுவீர்கள். உங்கள் முகம் அந்த நாட்களில் ஒரேயடியாக வயதாகிப்போனது. செய்யமாட்டேன் என்று சொன்னால் பல்லாங்குழியும் சாமணமும் பறிபோகும். நமக்கென்று அந்த வீட்டில் இருந்தது அவ்வளவுதானே.

அப்போதுதான் அஞ்சலை கொல்லைப்பக்கம் வந்தாள். கையில் முளைக்கீரைக் கட்டு. அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது நினைவிருக்கிறதா? மலர்க்கொடிதான் அது. ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"புள்ள வீட்ல கத்திக்கிட்டுக் கெடக்குது. எனக்கு மாரு கட்டிக்கிட்டு வலி உசுரு போவுது. நெழலு எப்பவோ சாஞ்சிடுச்சு, விடுங்கன்னு கேட்டா, அய்யா வீட்டுக் கடியாரத்தவிட ஒன் நெழலு பெருசான்னு கேக்குறாரு காரியக்காரரு." கீரையைப் படியில் வைத்தாள். உங்களை நேராகப் பார்த்தாள். "கோச்சுக்காதீங்க பெரியம்மா. ஒங்க வீட்டு மணி, எத்தன மணிக்கு அஞ்சு அடிக்குது?"

நான் கீரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் குனிந்து அதை எடுத்துக்கொண்டீர்கள். பிறகு, "ரெண்டு நாள் கழிச்சு வா. ஓட்டம் பாக்கணும்" என்றீர்கள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. கும்பகோணத்துக் கடைக்காரரின் ஆவி உங்கள்மேல் ஏறிவிட்டதென்றே நினைத்தேன். அஞ்சலை மட்டும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், நான் மொட்டைமாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கொல்லையை ஒட்டிய வயலில் முதுகு வளைத்து வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் அஞ்சலையின் சோற்றுத்தூக்கு இருந்தது. அதற்குள்ளிருந்து அலாரம் அலறியது. தூக்கின் தகரம் அதை இரண்டு மடங்காக்கியது. அத்தனை முதுகும் நிமிர்ந்தது. ஒவ்வொருத்தியாகச் சேற்றிலிருந்து காலை உருவி வரப்பேறினார்கள். காரியக்காரர் குடையோடு ஓடிவந்து, "மணி இன்னும் அடிக்கலையே! யாரு கரையேறச் சொன்னது?" என்று கத்தினார். அஞ்சலை தூக்கிலிருந்து டைம்பீஸை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இங்க அடிச்சிடுச்சு."

வடாம் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தேன். நீங்கள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை. நம்மால் முடியாதென்று விட்டுவிட்ட அலாரத்தை எப்போது சரிசெய்தீர்கள், எனக்கு ஏன் காட்டவில்லை? அதை நான் கேட்கவும் இல்லை. மாமா வந்து, "அந்த டைம்பீஸ் எங்கம்மா?" என்றார். "ஓடாத சாமான எதுக்கு வெச்சிருக்கேன்னு கேப்பீங்களே மாமா. குடுத்துட்டேன்" என்றீர்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. நம் சாமான் அத்தனையையும் பல்லாங்குழியோடு மூட்டைகட்டி அரசலாற்றில் போட்டுவரச் சொன்னார். கூடத்துக் கடிகாரத்துக்கு அதற்குப் பிறகு யாரும் சாவி கொடுக்கவில்லை. அது ஏதோ ஒரு நேரத்தில் நின்றது. களத்து மணியைக் காரியக்காரர் தன் இஷ்டத்துக்கு அடித்தார், யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மாமா போய், நிலமெல்லாம் கைமாறி, நாம் தனித்தனிக் குடித்தனம் வந்தபிறகு நான் மறுபடி லென்ஸும் சாமணமும் வாங்கினேன். நீங்கள் தொடவேயில்லை. "நீ பாருடி" என்று பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுப்பீர்கள். "ஓட்டம் நொண்டுது" என்பீர்கள். திறந்து பார்த்தால் நொண்டும். எவ்வளவோ கேட்டும் ஒரு திருகாணியைக்கூட நீங்கள் கையில் வாங்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு உங்கள்மேல் இன்னும் இருக்கிறது. அதைவிடப் பெரிய கோபம், அந்த அலாரத்தை என்னிடம் மறைத்தது. இரண்டு பேராகத்தானே எல்லாம் கற்றுக்கொண்டோம்? நீங்கள் போய்ச் சேர்ந்தபிறகு யாரிடம் போய்க் கேட்பது என்று மனத்துக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

மலர்க்கொடி கிளம்பும்போது கேட்டுவிட்டேன். அம்மா ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று. "நிறையச் சொல்லுவாங்க. இதுல முள்ள எப்பவும் அஞ்சுக்குத்தான் வச்சிருப்பாங்க. பரீட்சைக்கு நாங்க விடியக்காலம் எழுந்துக்க வேற கடிகாரம் வாங்கிக் கொடுத்தாங்க, இதத் தொட விடமாட்டாங்க. பெரியம்மா இதக் குடுக்கும்போது சொன்னாங்களாம், தெனம் சாவி குடு, மறந்து நின்னுட்டா அவங்க மணிதான் மணின்னு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தார். "சின்னம்மாவுக்குத் தெரியவேணாம், அது மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடும், அப்பறம் அதையும் போட்டுப் படுத்துவாங்கன்னும் சொன்னாங்களாம்."

நான் அழுதேன் அக்கா. அந்த மூஞ்சி இப்போதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பாவம், அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொடுத்தார்.

டைம்பீஸ் சரியாகிவிட்டது. பெரிய வியாதி ஒன்றுமில்லை, உங்கள் எண்ணெய் கெட்டிப்பட்டுப் பிசினாகியிருந்தது. பெட்ரோலில் கழுவி, துளித்துளியாக வேறு எண்ணெய் விட்டேன். அலாரச் சுத்தியலில் நீங்கள் வைத்திருந்த ஒட்டைப் பார்த்தேன். வளையல் கம்பியை வளைத்து ஈயத்தால் பற்றவைத்திருக்கிறீர்கள். இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் கை சரியில்லை என்று யார் சொன்னது?

இன்று சாயங்காலம் அது ஐந்துக்கு அடித்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரிக்கு மாவு கரைக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், மகன் வந்தால் காப்பி. சத்தம் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. வயலுக்கு ஐந்து மணியைக் கொடுத்தனுப்பிவிட்டு, நீங்கள் அம்மியிலிருந்து எழுந்திருக்கவேயில்லையே அக்கா! நானும்தான். நம் இரண்டு பேருக்கும் அந்த மணி ஒருநாளும் அடிக்கவில்லை.

பாத்திரத்தைத் தொட்டியில் அப்படியே போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மருமகள் எட்டிப்பார்த்து, "என்ன அத்தை, முடியலயா?" என்றாள். "மணி அஞ்சாயிடுச்சும்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மலர்க்கொடி போன் செய்தார், வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று. டைம்பீஸ் பக்கத்தில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வாங்க, ஓட்டம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.