பாடகரின் அண்ணன்

மார்ச் 4

என் செல்லத்துக்கு அம்மா ஆசையோடு எழுதுவது.

நான் சுகம்தான். வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் 'புகழ்பெற்ற பாடகர் வளர்ந்த வீடு' என்று பலகை மாட்டினாலும் மாட்டினார், ஞாயிற்றுக்கிழமையானால் ரசிகர்கள் கதவைத் தட்டி உயிரை வாங்குகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் குளியலறைச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொடியில் கிடந்த என் உள்பாவாடையையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனாள். இதற்குத்தானா வாடகை கொடுக்கிறேன்?

நேற்று வந்தவர் வேறு மாதிரி. அறுபதைத் தாண்டியிருப்பார். "தப்பா நினைக்காதீங்க, நான் பாடகரோட அண்ணன். பின்னறையைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போயிடறேன்" என்றார். எலக்ட்ரீஷியனாம். தம்பியும் அவரும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த அறை. இப்போது என் தையல் மெஷின் இருக்கிறது. வெகுநேரம் நின்றார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். கிளம்பப் போனவர் உட்கார்ந்துவிட்டார்.

உன் அம்மா


ஏப்ரல் 19

அன்புள்ள அம்மா,

உன் கடிதங்களை எடுத்துவைத்துத் திரும்பப் படித்தேன். அண்ணன்காரர் மின்விசிறியைச் சரிசெய்தார், அண்ணன்காரருக்கு உப்பு குறைவாகப் போட வேண்டும், அண்ணன்காரர் சிரித்தால் மூக்குக்கண்ணாடி நழுவுகிறது. பாடகரைப் பற்றி ஒரு வரி காணோம். என் இருமல் நின்றதா என்று கேட்கக்கூட மறந்துவிட்டாய்!

இங்கே வந்து என்னோடு இரு என்று கெஞ்சினால் தையல் வேலையைச் சாக்குச் சொல்கிறாய். மழுப்பாமல் எழுது. என்ன நடக்கிறது அங்கே?

உன் மகள்


மே 2

கண்ணே,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். இனி மறைத்து என்ன?

அவர் மனைவி காலமாகி வெகுகாலம் ஆகிறது. போன ஞாயிறு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "வர்றவங்க எல்லாரும் தம்பி எங்க படுத்தான், எங்க பாடினான்னு கேக்கறாங்க. நானும் இங்கதான் வளர்ந்தேன். என்னைப் பத்தி விசாரிச்சது நீங்க ஒருத்தர்தான். மிச்ச காலம் சேர்ந்து இருக்கலாமா?"

ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். "மகளைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அவங்க வேண்டாம்னா?"

"அப்போ வேண்டாம்தான்." சொல்லிவிட்டு, நேராகத் தைத்ததையே பிரித்துத் தைத்தேன்.

உன் அப்பா படத்தைக் கழற்ற மாட்டேன் என்றும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, "ஆணி ஆடுது. நல்லா அடிச்சுத் தரேன்" என்றார்.

உன் மனசு நோக எதுவும் செய்யமாட்டேன். யோசித்து எழுது.

அம்மா


மே 28

அம்மா,

கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது. கிழித்துப் போட்டேன். அப்பாவை நினைத்து அழுதேன், அப்புறம் உன்னை நினைத்து. 'நான் சுகம்தான்' என்று நீ எழுதும்போதெல்லாம் நான் நம்பியதே இல்லை. இந்தத் தடவை நீ எழுதாமலே நம்புகிறேன்.

ஜூலையில் வருகிறேன். 'அப்பா' என்று எனக்கு வாய் வராது. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல். வேறு என்னவென்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும்? கேட்டு எழுது. வருவதற்குள் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

உன் மகள்